அண்ணன் ஊருக்குப் போவுதுங்க

என் வீட்டில், நான் இருக்கும் அறையில், ஒரு நாடும் இன்னொரு நாடும் பந்தாடுவதை டெலிவிஷனில் போடக் கூடாது. இதற்குக் காரணம் யாருக்கும் சொன்னதில்லை, போடக் கூடாது என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். போன மாதம் மருமகன் தெரியாத்தனமாகப் போட்டுவிட்டார். ஏதோ பெரிய கோப்பைக்குத் தகுதி பெறுகிற ஆட்டமாம். இரண்டு அணியும் வரிசையாக நின்று, நெஞ்சில் கை வைத்து, அவரவர் நாட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. நான் எழுந்து போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். மருமகன் நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. மகள்தான் அடுப்படியிலிருந்து, "அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

ஆயிடுச்சுதான். ஆகி அறுபது வருஷமாகிறது. என்னோடு இலங்கையில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த ஒற்றை அறை வரிசைகளில் வளர்ந்தவர்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எதைச் சொன்னாலும், "அதெல்லாம் பழைய கதை, விடுங்க" என்பார்கள். நான் விடுவதாக இல்லை.

எங்கள் தோட்டத்தில் தட்டையான இடம் என்று ஒன்றுதான் இருந்தது, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். அதற்கு மேலே தேயிலை அரைக்கிற ஸ்டோர், கீழே தேயிலைச் சரிவு, சரிவின் அடியில் ஆறு. சாயங்காலமானால் அங்கேதான் பந்தாட்டம். பந்தைச் சரிவுப் பக்கம் விட்டவனே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். இறங்கி ஏறுவதற்குள் முழங்கால் வரை அட்டை ஏறிவிடும். அட்டைக்குப் பயந்துதான் அண்ணன் பந்தைக் காலை விட்டு நகரவிடாமல் ஆடக் கற்றுக்கொண்டான் என்று அம்மா சொல்லுவார். மற்றவர்கள் பந்தை உதைத்தார்கள். அண்ணன் அதைக் கூட்டிக்கொண்டு போவான். இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

அது தோல் பந்து. தையல் விட்ட இடத்தில் உள்ளே இருக்கிற ரப்பர் பை பிதுங்கிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் லயத்து வாசலில் உட்கார்ந்து, மெழுகு தேய்த்த நூலால் அதைத் தைப்பான். தைத்து முடித்துத் தேங்காயெண்ணெய் பூசி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவான். என் தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாத நாளிலும் பந்துக்கு எண்ணெய் இருந்தது. அம்மா அவனைத் திட்டிக்கொண்டேதான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுப்பார். எங்கள் ஒற்றை அறை முழுக்க ஈர விறகுப் புகையும் தோல் வாடையும் கலந்து அடிக்கும். இப்போதும் எந்தச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு அந்த அறை ஞாபகத்துக்கு வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்கு இருபத்தொன்று. அவன் ஸ்டோரில் வேலை செய்தான். வேலை முடிந்து வரும்போது புருவத்திலெல்லாம் தேயிலைத் தூள் அப்பியிருக்கும். அவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரச் சின்னதுரை ஹட்டன் டவுன் அணியில் சேர்த்துவிட்டார். தன்னுடைய பழைய பூட்ஸையும் கொடுத்தார். அது அண்ணன் காலுக்குப் பெரிது. முன்பக்கம் சாக்குத் துண்டை அடைத்துப் போட்டுக்கொள்வான். ஆட்டம் முடிந்ததும் அதன் அடியில் ஒட்டிய சேற்றை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் வேறு யாரையும் விட்டதில்லை.

ஹட்டனில் ஒரு ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார். சிலோன் அணிக்கு ஆள் தேடுகிறவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் வாசித்துச் சொன்னார். ஒலிம்பிக் பந்தயம் டோக்கியோவில் நடக்கப் போகிறது. அதற்குத் தகுதி பெற வேண்டுமானால் சிலோன் அணி இந்தியாவோடு மோதி ஜெயிக்க வேண்டும். ஒரு ஆட்டம் கொழும்பில், இன்னொன்று பெங்களூரில். அண்ணன் கொழும்புக்குப் போய் அணியோடு பயிற்சி எடுக்க வேண்டும்.

அண்ணன் காதில் டோக்கியோ விழுந்தது. அப்பா காதில் பெங்களூர் மட்டும்தான் விழுந்தது.

நமக்கு ஊர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாம் பிறந்தது தோட்டம், இருந்தது லயம், சாமான் வாங்கப் போனது டவுன். ஊர் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் ஊர் திருச்சிப் பக்கத்துத் தொட்டியம். அப்பாவின் அப்பா அங்கிருந்து வந்தவர். அப்பா பிறந்தது எங்கள் லயத்திலேயே, நாங்கள் இருந்த அறைக்கு மூன்று அறை தள்ளி. தொட்டியத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கே குளம் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டிச் சொல்வார். இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவைப் பார்த்துவிட்டு வருவதற்கும் நம்மிடம் பேர் 'ஊருக்குப் போறது'. மூட்டை கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவதற்கும் அதே பேர்தான்.

"பெங்களூருலேர்ந்து நம்ம ஊரு கிட்டக்கத்தான்டா" என்றார் அப்பா. "ஆட்டம் முடிஞ்சதும் பெரியவங்ககிட்ட ரெண்டு நாள் லீவு கேளு. ஒரு எட்டு போயி கொலசாமிக்குத் தேங்கா ஒடச்சிட்டு வந்துரு."

அண்ணன் சிரித்தான். "மொதல்ல டீம்ல எடுக்கட்டும்ப்பா. அதுக்குப் பொறவு ஒங்க சாமியப் பாப்போம்."

அப்பா காத்திருக்கவில்லை. பீலிக்கரையில் குளிக்கிறவர்களிடம், கோயிலில், பெரட்டுக் களத்தில், எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "நம்ம பய அடுத்த மாசம் ஊருக்குப் போறான்." கேட்டவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பந்தாடப் போகிறான், சிலோனுக்காக ஆடப் போகிறான் என்று தோட்டத்துக்கே தெரிந்திருந்தது. அதனால் அந்த ஒரு வரி போதும். பக்கத்து அறை அக்கா, அவர் ஊர் மாரியம்மன் கோயில் திருநீறு வேண்டுமென்று ஒரு சின்னத் துணிப்பையே தைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பு வந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு நம்மை எந்த நாட்டுக்காரர்களும் இல்லாதவர்களாக்கி, ஓட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த நாட்டு மனுஷனாக இருக்க ஆசை உண்டானால் மனுப் போடு என்றார்கள். அப்பா மனுப் போட்டபோது அண்ணன் சிறு பையன். அம்மா பேரும் அண்ணன் பேரும் மனுவில் இருந்தன. பிறகு நான் பிறந்து, என் பேரும் சேர்ந்தது. அத்தனை வருஷம் அது எந்த அலமாரியில் தூங்கியதோ, சரியாக அந்த மாதத்தில் எழுந்து வந்தது.

வந்ததும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம். பெங்களூர் போக அண்ணனுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும். பத்திரத்தோடு வந்தால் அணியில் இடம் உறுதி என்று தொப்பிக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார்.

விசாரணை நாளில் அண்ணனுக்குக் கொழும்பில் பயிற்சி இருந்தது. "நான் ஒரு நாள் நின்னுக்கிட்டு உங்களோட வர்றேன்ப்பா" என்றான்.

"நீ எதுக்கு? பந்தாடப் போற வேலயப் பாரு. நாங்க சொல்லிக்கிறோம்" என்று அப்பா அவனை ரயிலேற்றிவிட்டார்.

கணக்கப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். "இங்கதான் பொறந்தோம், இங்கதான் இருப்போம்னு சொல்லுங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். வேற ஒரு பேச்சும் வேணாம்." அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

அப்பா, அம்மா, நான் மூவரும் போன கந்தோர், விசாரணை ஆபீஸ், ஒரு மாடியில் இருந்தது. ஈரக் குடைகளும் கோந்தும் சேர்ந்த ஒரு வாடை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அதிகாரி இங்கிலீஷில் கேட்பார், இவர் தமிழில் சொல்வார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா கொழுந்துக் கறை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார், ஆனாலும் போகவில்லை. எங்கே பிறந்தீர், எத்தனை வருஷம் வேலை, கல்யாணம் எங்கே. அப்பா எல்லாவற்றுக்கும் கணக்கப்பிள்ளை சொன்னபடியே பதில் சொன்னார். கடைசியில் அதிகாரி தாளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உம்மட மூத்த மகன் எங்க? ஏன் வரேல்லை?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவன் கொழும்புல இருக்கானுங்க ஐயா. அடுத்த மாசம் ஊருக்குப் போறானுங்க."

"ஊருக்கோ? எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தானுங்க. இந்தியாவுக்கு."

பந்து என்ற ஒரு சொல் வரவில்லை. சிலோன் டீம் என்ற சொல் வரவில்லை. தோட்டத்துக்கே தெரிந்த விஷயம் மேசைக்குப் பின்னால் இருக்கிற பெரிய மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா என்று அப்பா நினைத்துவிட்டார். அந்த வரியைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது முழுக் கதையாகிவிட்டிருந்தது.

அதிகாரி அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். எதையோ சொன்னார்.

"பிள்ளை, உன்ர அண்ணா எங்க போறார்?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்.

பெரியவர்கள் கேட்டால் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். "அண்ணன் ஊருக்குப் போவுதுங்க!" என்றேன். அந்த அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

அதிகாரி மறுபடி சிரித்துக்கொண்டு எழுதினார். நம் சந்தோஷம் அவருக்கும் சந்தோஷம் போலிருக்கிறது என்று நாங்கள் இறங்கி வந்தோம். அப்பா எனக்குச் சீனி தூவின பணிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

எதற்குப் போகிறான் என்று ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று. அந்தத் தமிழ் பேசுகிற மனிதருக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. அதிகாரிக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லை. அவர் எழுத விரும்பியதை நாங்களே வந்து சொல்லிவிட்டோம். கணக்கப்பிள்ளை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த அப்பா மேலும் எனக்குக் கோபம்தான். அவர் செத்து இத்தனை வருஷமான பிறகும் குறையவில்லை. பத்து வயதில் அவ்வளவு தெளிவாகப் பேசின என் வாய் மேல் இருக்கிற கோபத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

கடிதம் வந்த அன்று அண்ணனும் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பூட்ஸைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான். பத்திரம்தான் வந்துவிட்டது என்று எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மூத்த மகன் நிரந்தரமாக இந்தியா செல்லவிருப்பதாகத் தகப்பனே கூறியுள்ளார். மகளும் அதை உறுதி செய்துள்ளார். எனவே இந்தக் குடும்பத்துக்கு இலங்கையில் நிலைத்து வாழும் எண்ணம் இல்லை. மனு தள்ளுபடி.

நிரந்தரமாக என்று யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் சேர்த்துக்கொண்டது.

"என்னத்தச் சொன்னீங்க அங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"உள்ளதத்தானப்பா சொன்னேன். நீ ஊருக்குப் போறேன்னு…"

"யாருக்கு ஆடப் போறேன்னு சொன்னீங்களா?"

அப்பா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "அது… அவுங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"ஒங்க ஊரு, ஒங்க ஊரு! ஒரு நாளாச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா அத?" அண்ணன் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயும் சொன்னியாம்மா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். அவன் அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க வாளியோடு போய்விட்டான்.

அப்பீல் செய்யலாம், ஆனால் மாதக்கணக்காகும் என்றார் கணக்கப்பிள்ளை. அண்ணன் தோட்டத்துப் பேரேட்டிலிருந்து பிறப்புத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, சின்னதுரையிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, மறுபடி கொழும்புக்குப் போனான். தொப்பிக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, நீ ஆடுவதைப் பார்த்தால் போதும் எனக்கு, பாஸ்போர்ட் கொடுக்கிறவர்களுக்குப் போதாதே என்று வருத்தப்பட்டாராம். வருத்தப்பட்டுக்கொண்டே அவன் பேரைக் கோடு போட்டு அடித்தாராம். அண்ணன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான்.

கொழும்பு ஆட்டத்தை ரேடியோவில் சொன்னார்கள். ஸ்டேஷன் பக்கம் முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருந்தார். அவருடைய ரேடியோவைச் சுற்றித் தோட்டத்து ஆம்பளைகள் எல்லோரும் நின்றார்கள். மண்ணெண்ணெய் வாங்க வந்த சாக்கில் நானும் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. ரேடியோவில் சிங்களத்தில் சொன்னதை நானா நமக்குத் தமிழில் சொன்னார். அண்ணன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அவன் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்தியா கோல் போட்டதும் நம் ஆட்கள் கை தட்டினார்கள். பெரிய கங்காணி டொபி மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார், நான் வாங்கவில்லை. எந்த இந்தியாவுக்குக் கை தட்டினீர்கள்? நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை, சிலோனோடு பேசிக்கொள்ளுங்கள் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்த அதே இந்தியாவுக்குத்தானே! இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

சிலோன் கோல் போட்டபோது இரண்டே பேர் எழுந்து கத்தினார்கள். ஒருவர் ரயில்வே கேட் பார்க்கிற சிங்களவர். இன்னொருவன் அண்ணன். அடுத்த தடவையும் அதே இரண்டு பேர்தான். அண்ணன் கத்தியதைப் பார்த்து நம் ஆட்களில் ஒருவர், "இவனுக்கு வெக்கமில்ல?" என்றார். அண்ணன் காதில் விழுந்தது, விழாததுபோல் இருந்தான்.

ஆட்டம் முடிந்தது. இந்தியா ஜெயித்தது. கேட்காரர் குடையை விரித்துக்கொண்டு போகும்போது அண்ணன் தோளில் கையை வைத்தார். "கமக் நே மல்லி, உம்பலாகே அய தின்னா நே" என்றார். பரவாயில்லை தம்பி, உங்க ஆட்கள் ஜெயித்துவிட்டார்களே என்று அர்த்தம். நல்ல மனசோடுதான் சொன்னார். அவரோடு சேர்ந்து கத்தியவன் அவரைப்போலவே தோற்றுப்போனவன் என்று அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். ஆனால் அன்றைக்கு அவன் என் மண்ணெண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான்.

பெங்களூர் ஆட்டத்தை யாரும் கேட்கவில்லை. அதிலும் சிலோன் தோற்றது என்று பேப்பரில் போட்டிருந்ததைக் கணக்கப்பிள்ளை சொன்னார். அன்று சாயங்காலம் அண்ணன் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்று பந்தைச் சரிவுப் பக்கம் உதைத்தான். எடுக்கப் போகவில்லை. மறுநாள் நான் ஆறு வரை இறங்கித் தேடினேன். பந்து கிடைக்கவில்லை, கால் முழுக்க அட்டையோடு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் டெல்லியில் உட்கார்ந்து நம்மைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. அந்த மேசையில் நம் ஆள் ஒருவரும் இல்லை. பிறகு சில வருஷம் கழித்து, எங்கள் குடும்பத்தில் அண்ணனுக்குத்தான் முதலில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவன் கேட்காத நாடு கொடுத்தது. தலைமன்னார் போகிற ரயிலில் ஒரு தகரப் பெட்டியோடு ஏறினான். அம்மாவை அந்த வருஷம்தான் தோட்டத்து மண்ணில் புதைத்திருந்தோம். அவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா இங்கேயே நின்றுவிட்டார். ஊர் ஊர் என்று உயிரை விட்ட மனிதர் ஊருக்குப் போகவே இல்லை.

நாலைந்து மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தொட்டியத்தில் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தான். நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இங்கும் ஒரு பந்து டீம் இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் பேர் இங்கே யாருக்கும் தெரியாது. வந்த நாளிலிருந்து சிலோன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்குப் போனாலும் சிலோன், வேலைக்குப் போனாலும் சிலோன். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால், சுற்றி நிற்கிறவர்கள் சிலோன், சிலோன் என்று கத்துகிறார்கள்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மேசைக்கு முன்னால் நின்ற அன்று மலர்ந்த அதே முகம்.

"பாத்தியா! ஊருக்குப் போயி பேரு வாங்கிட்டான் பாரு எம்மவன்" என்றார்.

நான் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அடிக்க வேண்டியவர்கள் யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.